சிறுகச் சேர்த்த முழவு: பழைய டிரம் தொகுதி ஒன்றை உறுப்பு உறுப்பாக அமைத்தல்

தோற்றுவாய்

நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இவ்வவைக்குச் சற்றுப் புதியது. மொழியும் இலக்கியமும் ஆராயப்படும் இடத்தில் டிரம் செட் எனப்படும் மேலைநாட்டு மேளத்தொகுதிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வினா தக்கதே. அதற்குரிய விடை இரண்டு. பேராக் மாநிலத்தின் தோட்டப்புறங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் இக்கருவியைக் கற்க விரும்புகின்றனர். ஆயினும் புதிய தொகுதியின் விலை கேட்ட அளவில் விருப்பத்தை அடக்கிக்கொள்கின்றனர் என்பது ஒன்று. இக்கருவியின் உறுப்புகளைத் தமிழிற் சொல்லவும் விளக்கவும் நாம் பழகவில்லை என்பது மற்றொன்று. பொருள் இன்மையும் சொல் இன்மையும் சேர்ந்தே ஒரு கலையை எட்டாததாக்குகின்றன. ஆகவே இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், அதன்பின் ரப்பர் அழிந்து செம்பனை எழுந்த காலத்திலும், லயங்களில் வாழ்ந்தோர் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். மக்கள் சிதறியபோது அவர்தம் பொருள்களும் சிதறின. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஒலித்த கருவிகள் பல, பொதுமண்டபத்தின் மூலையிலும் வீட்டுக் கொட்டகையிலும் தங்கிவிட்டன. வளையம் துருப்பிடித்த ஒரு மேளம் பழைய இரும்பு வாங்குவோரின் வண்டியில் ஏறுமானால் அதன் கதை அன்றோடு முடியும். அதன் மதிப்பை அறிந்த ஒருவர் அதனை எடுத்துத் துடைத்தால் ஒரு மாணவரின் கல்வி தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது அறிவு ஒன்றே.

தொகுதி பிறந்த கதை

டிரம் செட் என்பது ஒரே கருவி அன்று. பல கருவிகள் கூடிய கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இராணுவ வாத்தியக் குழுக்களில் பெரிய மேளத்தை ஒருவரும், சிறிய மேளத்தை ஒருவரும், தாளத்தட்டுகளை ஒருவரும் முழக்கினர். அமெரிக்க நாடக அரங்குகளிலும் நடனக் கூடங்களிலும் மூவர் அமர இடமில்லை. மூவர்க்கு ஊதியம் தரப் பணமும் இல்லை. ஆதலால் ஒருவரே மூவர் வேலையைச் செய்ய நேர்ந்தது. கையிலுள்ள குச்சியால் பெரிய மேளத்தை ஒருமுறை அடித்து, அதே வேகத்தில் சிறிய மேளத்திற்குத் திரும்பும் கடினமான முறை அக்காலத்தில் வழங்கியது. 1909-ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் லுட்விக் உடன்பிறப்பினர், விரைந்து இயங்கும் கால்மிதி ஒன்றை உருவாக்கினர். பெரிய மேளம் காலின் பொறுப்பாயிற்று. இரு கைகளும் விடுதலை பெற்றன. 1920-களில் இரு தட்டுகளைக் காலால் மோதவைக்கும் அமைப்புத் தோன்றி, பின்னர் உயர்ந்து ஹை-ஹேட் ஆயிற்று.

இக்கூட்டத்தில் சேர்ந்த உறுப்புகளின் பிறப்பிடத்தையும் நோக்குக. தாளத்தட்டுகள் துருக்கியிலிருந்து வந்தன. 1623-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் தொடங்கிய சில்ஜியான் குடும்பத்தின் தொழில் இன்றளவும் தொடர்கிறது. ஆணி அடித்துத் தோல் பொருத்திய சீன மேளங்களே தொடக்ககாலத் தொகுதிகளில் டோம் என்னும் உறுப்பாக நின்றன. அவ்வுறுப்பின் ஆங்கிலப் பெயராகிய டோம்-டோம் என்பதோ இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொல்லிலிருந்து சென்றது என அகராதியாளர் கூறுவர். நம்முடைய தமுக்கு, தம்பட்டம் ஆகியவற்றை அருகில் வைத்துப் பார்த்தால் அவ்வொலியின் உறவு விளங்கும். பல நாட்டிலிருந்து வந்தவை ஓரிடத்தில் கூடி, செலவைச் சுருக்கும் தேவையால் ஒன்றாயின. ஆகவே குறைந்த பணத்தில் உறுப்பு உறுப்பாகச் சேர்த்தல் இக்கருவிக்கு இழிவன்று; அதன் பிறப்பே அவ்வாறு அமைந்தது.

நம் மண்ணின் பங்கு

பேராக் மாநிலத்தார்க்கு இக்கருவியோடு வேறொரு தொடர்பும் உண்டு. நல்ல தாளத்தட்டு, ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனது. கிந்தாப் பள்ளத்தாக்கோ உலகின் வளமிக்க வெள்ளீய நிலங்களுள் ஒன்றாக விளங்கியது. மேளத்தின் கால்களில் பொருந்தும் அடிக்கட்டையும், கைப்பழக்கத்திற்குரிய பயிற்சித் தட்டும் ரப்பரால் ஆனவை. 1877-ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஊர் நம் கோலகங்சார். 1960-களில் ஜப்பானில் மலிவாகச் செய்யப்பட்ட தொகுதிகளின் உடல் பெரும்பாலும் லாவான் என்னும் மரத்தால் ஆனது. அது நம் காடுகளின் மெராந்தியோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. ஈயம் தோண்டியவரும் பால் மரம் வெட்டியவரும் இக்கருவியை வாங்க இயலாதிருந்தனர். ஆயினும் அதன் மூலப்பொருள்கள் அவர்கள் உழைத்த நிலத்தினுடையவையே.

எதை முதலில் வாங்குவது?

முதலில் வாங்க வேண்டியது மேளம் அன்று. ஓர் இணைக் குச்சியும் ஒரு ரப்பர்த் தட்டும் போதும். பழைய வண்டிச் சக்கரத்தின் உட்குழாயை வெட்டிப் பலகையில் இழுத்துப் பொருத்தினாலும் பயிற்சித் தட்டு ஆகிவிடும். மூன்று திங்கள் அதில் நாள்தோறும் பழகியவர், தமக்கு இக்கலை வேண்டுமா வேண்டாவா என்பதை அறிந்துகொள்வர். அவ்வறிவு கிட்டும்வரை பணம் செலவழித்தல் வீண்.

அடுத்து, வேண்டிய உறுப்புகளை வரையறுத்தல் வேண்டும். காலால் முழக்கும் பெரிய மேளம், ஸ்னேர், ஒரு டோம், தரையில் நிற்கும் டோம், ஹை-ஹேட், ஒரு பெரிய தட்டு ஆகியவை போதுமானவை. பெரிய மேளம் 20 அல்லது 22 அங்குலம், டோம் 12 அல்லது 13 அங்குலம், தரை டோம் 14 அல்லது 16 அங்குலம், ஸ்னேர் 14 அங்குலம் என்பன பெருவழக்கான அளவுகள். இவ்வளவுகளுக்குரிய முகங்கள் எங்கும் கிடைக்கும். வழக்கில் இல்லாத அளவு எத்துணை மலிவாயினும் பின்னர்த் துன்பம் தரும்.

பணத்தை மூன்று கூறாகப் பிரிப்பது நலம் என்பது நம் கருத்து. ஒரு கூறு மேளங்களுக்கு. ஒரு கூறு தாளத்தட்டுகளுக்கும் கால்மிதிக்கும். எஞ்சிய கூறு முகம் மாற்றுதற்கும் பழுது நீக்குதற்கும். தொடக்கநிலையினர் பணம் முழுவதையும் மேளங்களுக்கே செலவிட்டுவிட்டுக் கிழிந்த முகத்தோடும் பித்தளைத் தட்டோடும் தவிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மேளம் பழையதாயினும் புதிய முகத்தால் உயிர்பெறும். மோசமான தாளத்தட்டையோ எதனாலும் திருத்த இயலாது. தட்டின் விளிம்பில் வெடிப்பு உண்டா என விரல் நகத்தால் தடவிப் பார்த்தல் வேண்டும், வெடிப்புடையதை வாங்கலாகாது.

பெரிய மேளம் தனியே விற்கப்படும்போது இடத்தை அடைப்பதால் உடையவர் அதனை விரைவில் கழித்துவிட விரும்புவர். ஆகவே அது மலிவாகக் கிடைக்கும். ஸ்னேர் அவ்வாறன்று, எல்லாரும் தேடுவது. அதனை இறுதியில் பொறுமையோடு தேர்ந்தெடுக்கலாம். தாங்கிகளும் கால்மிதியும் பழைமையானவையாக இருத்தல் தேவையில்லை. நாள்தோறும் உழைப்பவை ஆதலின் உறுதியே முதன்மை.

பழைய மேளத்தை ஆராயும் முறை

ஈப்போவின் ஞாயிறு காலைப் பழம்பொருள் சந்தையிலோ, தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையிலோ ஒரு மேளத்தைக் கண்டவுடன் அதன் பளபளப்பையும் நிறுவனப் பெயர்த் தகட்டையும் பார்த்து மயங்கலாகாது. ஆராய வேண்டியவை ஐந்து.

முதலாவது, உடல் வட்டமாக உள்ளதா என்பது. அளவுநாடாவால் விட்டத்தை மூன்று திசைகளில் அளக்க. அளவுகள் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். நெடுநாள் பாரம் ஏற்றி வைத்த மேளம் முட்டை வடிவாகிவிடும். அதில் முகம் சீராக அமராது.

இரண்டாவது, வாய் விளிம்பு. முகம் வந்து அமரும் மரவிளிம்பே ஓசையின் உயிர்நிலை. முகத்தைக் கழற்றிவிட்டு, சமமான கண்ணாடிப் பலகைமேல் மேளத்தைக் கவிழ்த்து, உள்ளே கைவிளக்கை வைத்து, இருண்ட அறையில் நோக்குக. ஒளி எங்கே கசிகிறதோ அங்கே விளிம்பு தாழ்ந்திருக்கிறது. சிறு கசிவைத் தச்சர் திருத்துவார். ஆழ்ந்த பள்ளம் பெருஞ்செலவாகும்.

மூன்றாவது, மரத்தின் நலம். நம் நாட்டின் ஈரக்காற்று ஒட்டுப்பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிடும். கரையானும் செல்லும் உள்ளிருந்தே அரிக்கும். உடலை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிக் கேட்க. ஓரிடத்தில் மட்டும் ஓசை மழுங்கினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். நுண்ணிய மரத்தூள் உதிர்ந்தால் அம்மேளத்தை வீட்டுக்குள் கொண்டுவருதலே தவறு.

நான்காவது, ஆணிகளும் அவற்றைத் தாங்கும் காதுகளும். இன்று பெருவழக்கான முறுக்காணி ஓர் அங்குலத்திற்கு 24 புரி உடையது. ஆயினும் பழைய தொகுதிகள் எல்லாம் அவ்வாறமைந்தன அல்ல. ஆதலால் சந்தைக்குச் செல்லும்போது வழக்கமான ஆணி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுசெல்க. அது காதில் தடையின்றிச் சுழன்று இறங்கினால் மாற்று உறுப்பு எளிதில் கிடைக்கும். வற்புறுத்தித் திருகலாகாது, புரி அழிந்துவிடும். துரு அஞ்சத்தக்கதன்று: அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் மேற்பூச்சின் துரு நீங்கும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும். தையல் இயந்திர எண்ணெயே ஏற்றது.

ஐந்தாவது, புதிய முகம் பொருந்துமா என்பது. இதில் நாமே ஒருமுறை ஏமாந்தோம். ஆங்கிலேயர் காலத்து வாடை வீசிய பழைய பிரீமியர் டோம் ஒன்றை 12 அங்குலம் என நம்பி வாங்கினோம். புதிய முகத்தை வைத்தபோது அது மேளத்தின் வாயில் இறங்கவில்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடுத்தது. அந்நிறுவனம் 1960-களின் பிற்பகுதி வரை தனக்கே உரிய, சற்றுப் பெரிய அளவில் மேளங்களைச் செய்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். விற்றவர் பொய் சொல்லவில்லை, நாம் அளக்கவில்லை. அந்த டோம் ஓராண்டு சுவரோரம் சும்மா நின்று நமக்குப் பாடம் கற்பித்தது.

முகம் பொருத்தலும் சுருதி சேர்த்தலும்

முற்காலத்தில் இத்தொகுதியின் முகங்களும் கன்றுத் தோலால் ஆனவை. மழைநாளில் தோல் தளர்ந்து ஓசை தாழும். வெயிலில் இறுகி வெடிக்கும். தப்பு அடிப்போர் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். மேலைநாட்டாரும் அதே துன்பத்தையே பட்டனர். 1957-ஆம் ஆண்டளவில் ரெமோ பெல்லி முதலியோர் பாலியெஸ்டர் படலத்தால் ஆன முகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஈரத்தால் தளராத அம்முகம் ஈப்போ போன்ற மழைமிகு ஊர்களுக்குப் பெரும்பேறாயிற்று. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபின் டிரம் தொகுதிக்கு உலகெங்கும் வேட்கை மிக்கது. அவ்வேட்கையை நிறைவு செய்ய ஜப்பானியர் செய்து அனுப்பிய மலிவான தொகுதிகளே இன்று நம்மனோர்க்கு எட்டும் பழம்பொருள்கள்.

முகத்தைப் பொருத்துதற்கு முன் விளிம்பைத் துணியால் துடைக்க. முகத்தை வைத்து, வளையத்தை மேலே அமர்த்தி, ஆணிகளை விரலால் மட்டும் முடுக்குக. அதன்பின் சாவிகொண்டு ஓர் ஆணியை அரைச்சுற்றுத் திருப்பி, அடுத்து அதற்கு நேரெதிரிலுள்ள ஆணிக்குச் செல்க. பக்கத்து ஆணிக்குச் சென்றால் முகம் ஒருபுறம் சாயும். ஒவ்வோர் ஆணியின் அருகிலும், விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலத் தொலைவில் மெல்லத் தட்டி, எல்லா இடத்தும் ஒரே சுருதி எழும்வரை திருத்துக. மிருதங்க வாசிப்பவர் கல்லால் தட்டி வாரை இறுக்கிச் சுற்றிலும் சுருதி சேர்ப்பதும் இதே நெறிதான். கருவி வேறு; செவி செய்யும் வேலை ஒன்று.

உறுப்புகளுக்குப் பெயரிடல்

இனி மொழிக்கு வருவோம். கருவிகளுக்கு அவற்றின் ஓசையால் பெயரிடுதல் தமிழர் மரபு. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் தோற்கருவிகள் பலவற்றை அடுக்கிச் சொல்லிச் சிலவற்றிற்குப் பெயர்க்காரணமும் தருகிறார். கரடியின் குரல்போல் ஒலிப்பது கரடிகை என்றும், சல் என்னும் ஓசையுடையது சல்லிகை என்றும் அவர் விளக்குவதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளைந்த குச்சியால் தேய்க்க உறுமும் கருவிக்கு உறுமி எனப் பெயரிட்டதும் அவ்வழியே. ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளத்தைக் கேட்டவர்க்கு அப்பெயரின் பொருத்தத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஸ்னேர் என்னும் மேளத்தின் அடிமுகத்தில் கம்பிச் சுருள்கள் படிந்திருக்கும். மேல்முகத்தை அடித்தவுடன் அவை அதிர்ந்து சல் என ஒலிக்கும். இதற்குச் சல்லிகை என்னும் பழம்பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. உரையாசிரியர் குறித்த கருவியே இது என்று நாம் கூறவில்லை. பெயரிட்ட நெறி ஒத்திருக்கிறது என்றே கூறுகிறோம். அந்நெறி பற்றிப் பெரிய மேளத்தைப் பெருமுழவு என்றும், டோமைச் சிறுமுழவு என்றும், தரை டோமை நிலைமுழவு என்றும், காலால் மிதிக்கும் ஹை-ஹேட்டை மிதிதாளம் என்றும் வழங்கலாம். மேளத்தின் உடலுக்குத் தவிலுக்கும் மிருதங்கத்திற்கும் உரிய கட்டை என்னும் சொல்லே உண்டு. ஆணி, காது, வளையம், முகம் ஆகியவை வீட்டுச் சொற்கள்.

மேடையில் ஸ்னேர் என்று சொல்வாரை நாம் தடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் வகுப்பில் ஓர் ஆசிரியர் சல்லிகை என்று ஒருமுறை கூறி, அதன் காரணத்தையும் விளக்கினால் மாணவர் கருவியின் இயக்கத்தையும் சேர்த்தே அறிந்துகொள்வர். ஸ்னேர் என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு ஒன்றும் உணர்த்தாது. சல்லிகை அடிமுகத்துக் கம்பியையே காட்டிவிடும்.

கூட்டுறவின் வழி

இறுதியாக, பணம். மாதம் 50 வெள்ளி ஒதுக்கும் ஒருவர் ஈராண்டில் 1,200 வெள்ளி சேர்ப்பார். ஐவர் சேர்ந்தால் அதே தொகை ஐந்தே திங்களில் கிட்டும். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியபோது தோட்டத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகவே திரட்டினார். அச்சிறுதொகைகள் கூடித் தோட்டங்களையே விலைக்கு வாங்கின. தோட்டம் வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் ஒரு மேளத்தொகுதியை வாங்க இயலாது என மலைத்தல் பொருந்தாது.

ஆசிரியர்கட்கு நம் வேண்டுகோள் இது. பள்ளியில் ஒரு குறிப்பேடு திறக்கப்படட்டும். அவ்வட்டாரத்தில் எந்த வீட்டில், எந்த மண்டபத்தில் எந்த உறுப்பு கிடக்கிறது என்பதை மாணவர் கேட்டறிந்து எழுதட்டும். அளவு, மரம், ஆணிகளின் எண்ணிக்கை, குறை ஆகியவற்றோடு, அதனை முன்னர் முழக்கியவர் யார், எந்தத் தோட்டத்தில் முழக்கினார் என்பதையும் உரியவர் இசைவோடு பதியட்டும். உறுப்புகள் சேர்வதற்கு முன்பே ஒரு தோட்டத்தின் இசை வரலாறு ஏட்டில் சேர்ந்துவிடும். முதியோர் நினைவு மங்குமுன் இப்பணி தொடங்குதல் வேண்டும். மரத்தைத் திருத்தத் தச்சர் உளர், மறைந்த நினைவைத் திருத்துவார் இலர்.

ஓராண்டு சுவரோரம் நின்ற அந்த டோமை நாம் விற்கவில்லை. அதன் கட்டையைத் தச்சர் ஒருவர் மெல்ல இழைத்து, இன்றைய முகம் இறங்கும் அளவுக்குக் குறுக்கித் தந்தார். பழம்பொருள் சேர்ப்போர் இதனைக் குற்றம் என்பர். காட்சிக்கு வைப்பதாயின் குற்றமே. மாணவர் ஒருவர் அதனை இப்போது வாரந்தோறும் முழக்குகிறார். முழங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு அதுவே தக்க இடம் எனக் கொண்டோம்.